அமராவதிபுதூரில் ஒரு ராக்கெட் பஞ்சாயத்து

காரைக்குடியில் தடுக்கி விழுந்தால் அழகப்பா பேர் போட்ட ஏதாவது ஒரு காம்பவுண்ட் சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அமராவதிபுதூர் போகிறவர்கள் ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காரவும். செம்மண், கருவேல மரம், நடுநடுவே பூட்டிக் கிடக்கும் பெரிய செட்டிநாட்டு வீடு. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிச் சம்பாதித்தவர்கள் கட்டினது. தூரதேசத்து விவகாரம் இந்தப் பக்கத்து மண்ணுக்குப் புதுசில்லை.

அதனால்தான், டீக்கடை பெஞ்சில் எலான் மஸ்க் பற்றி அடிதடி நடந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

இன்ஜினீயரிங் பையன்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு மஸ்க் குலதெய்வம். மற்றவனுக்குப் பேரைக் கேட்டாலே டீ கசக்கிறது. நடுவில், ரிட்டயரான கணக்கப்பிள்ளை ஒருவர், வேட்டியும் துண்டுமாக. கணக்கு என்றதும் பி.காம். படித்த எனக்குக் கை துறுதுறுத்தது. பெஞ்சில் ஒட்டிக்கொண்டேன்.

"தம்பி, முதல்ல வரவைச் சொல்லு" என்றார் பெரியவர்.

பக்தன் மளமளவென்று ஒப்பித்தான். 2002-ல் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி ஆரம்பம். முதல் மூன்று ராக்கெட்டும் புஸ்வாணம். நாலாவது 2008 செப்டம்பரில் சுற்றுப்பாதைக்குப் போனது. 2015 டிசம்பரில் ராக்கெட்டின் கீழ்ப்பாதி திரும்பி வந்து தரையில் சமர்த்தாக நின்றது. (அதுவரை பெரும்பாலான ராக்கெட்டுகளின் கதி, ஒரு டிரிப் அடித்ததும் பஸ்ஸைக் கடலில் தள்ளுகிற கதைதான்.) நம்ம இஸ்ரோவின் 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் 2024 நவம்பரில் இவர் ராக்கெட்டில்தான் போனது. சுனிதா வில்லியம்ஸ் 2025 மார்ச்சில் பூமிக்குத் திரும்பியதும், சுபான்ஷு சுக்லா அதே வருஷம் ஜூனில் விண்வெளி நிலையம் போனதும் இவர் வண்டியில்தான்.

"முதல் யாரு போட்டது?"

"ஆரம்பத்துல அவரு சொந்தப் பணம்ங்க ஐயா. 2008 டிசம்பர்ல நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்துச்சு. அதுல பிழைச்சாங்க."

"அப்ப நாசா பேருலயும் வரவு வை. ராக்கெட் செஞ்ச பயலுக பேருலயும் வை. சரி, இப்பப் பற்று?"

எதிர்க்கட்சி எழுந்தது. 2022-ல் ட்விட்டரை வாங்கிய சூட்டோடு சூடாக ஏறக்குறையப் பாதி ஊழியர்களுக்குச் சீட்டுக் கிழிப்பு. அதே வருஷம் 'முதலாளியின் பேச்சு எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது' என்ற ரீதியில் கடிதம் சுற்றுக்கு விட்ட ஸ்பேஸ்எக்ஸ் ஊழியர்களுக்கும் கல்தா. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு 'போன வாரம் செய்த ஐந்து வேலைகளைச் சொல்' என்று மெயில். (நம்ம ஆபீஸில் இப்படிக் கேட்டால் டீ, வடை போக மிச்சம் மூன்றுக்கு எங்கே போவது ஸார்?)

சண்டையின் ஆணிவேர் லண்டன் ராயல் சொசைட்டி. 1918-ல் நம்ம ராமானுஜனை உறுப்பினராக்கிய அதே சபை. (ராமானுஜன் பேரில் சென்னையில் கணித நிலையம் ஆரம்பித்தவர் அழகப்பச் செட்டியார். அவரும் ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானம் விட்டுப் பார்த்தவர்தான்!) சரியாக நூறு வருஷம் கழித்து, 2018-ல், சபை மஸ்க்கைச் சேர்த்தது. பிற்பாடு அவர் நடத்தை சபையின் விதிகளுக்குப் பொருந்தாது என்று விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். 2024-ல் டோரதி பிஷப் என்ற உளவியல் நிபுணர் இதற்காகவே ராஜினாமா செய்தார். 2025 மார்ச்சில் சபை கூடிப் பேசியது. மஸ்க்கை நீக்கவில்லை.

"கெட்ட ஆளுன்னா ராக்கெட்டுக்குக் கொடுத்த பேரையும் பிடுங்கணும்ல?" என்றான் எதிர்க்கட்சி.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வரவை வரவுப் பக்கம் எழுது, பற்றைப் பற்றுப் பக்கம் எழுது. எடுத்த எடுப்புல ஒண்ணுல ஒண்ணைக் கழிச்சு எழுதுறவன் கணக்கப்பிள்ளை இல்ல தம்பி. ராக்கெட் போச்சா? ரசீது கொடு. அதைக் கிழிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனா எங்க பக்கத்து வீட்டுல முகப்பு வேற, வளவு வேற. யாவாரத்துக்கு வந்தவனுக்கு முகப்புல பாய் போடுவோம். வளவுக்குள்ள கூப்புடறது சொந்தபந்தத்தை. சரக்கு நல்ல சரக்குங்கறதுக்காக வளவுக்குள்ள இழுத்துட்டு வந்துட்டு, அப்புறம் ஆளு சரியில்லேன்னு அழுதா எப்படி?"

இரண்டு பையன்களும் கப்சிப்.

எனக்குச் சுருக்கென்று உறைத்தது. நாமும் இந்தக் குழப்படியைத்தானே தினம் செய்கிறோம்? டார்கெட்டை முடிக்கிற மேனேஜர் என்றால் அவர் திட்டுவதும் திறமை. திட்டுகிற மேனேஜர் என்றால் அவர் முடித்த டார்கெட்டும் பொய். ஒரே வரியில் ஆளை முடித்துவிடுகிற அவசரம்.

இது அமெரிக்காக்காரன் பாடு என்று விட்டுவிடவும் முடியாது. 2020-ல் இந்தியாவிலும் விண்வெளியைத் தனியாருக்குத் திறந்துவிட்டாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல், 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் சொந்த ஏவுதளத்திலிருந்தே ராக்கெட் விட்டது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. நாளைக்கு நம்ம ஜில்லாவிலேயே ஒரு பயல் ராக்கெட் முதலாளி ஆகலாம். மாலை, சால்வை, கட்-அவுட் எல்லாம் தயாராகிவிடும்.

அன்றைக்கு மறக்காமல் ரசீது கொடுப்போம். வளவுக்குள் கூப்பிடுவதற்கு மட்டும், அவனிடம் வேலை பார்க்கிறவர்களை ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வோம்.