அடி வாங்கத் தெரிந்த நாயகன்

மாயாஜால உலகத்தில் நடக்கும் ஆர்.பி.ஜி. கேம்களின் ரசிகர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மூன்று கேள்விகளில்தான் வந்து நிற்கும். சண்டை எப்படி இருக்கிறது? ஊரும் காடும் குகையும் எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன? ஆட்டக்காரர் எடுக்கும் முடிவால் கதையில் ஏதாவது மாறுகிறதா, இல்லை சும்மா கண்துடைப்பா? மூன்றுக்கும் தனித்தனியாக மார்க் போடுவார்கள். சண்டைக்கு ஆறு, உலகத்துக்கு ஒன்பது, கதைக்கு ஏழு... பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி!

ஆனால் இவை மூன்று பாடங்கள் இல்லை, ஒரே பாடம்தான் என்று காட்டிய கேம் ஒன்று இருக்கிறது. 2001 மார்ச் மாதம் ஜெர்மனியில் வெளியான 'கோதிக்'. தயாரித்தது பிரான்யா பைட்ஸ் என்ற சிறிய நிறுவனம். நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன ரூர் பகுதியில் பிறந்த நிறுவனம் அது. அவர்களுடைய முதல் கேமின் கதையும் ஒரு சுரங்கத்தில்தான் நடக்கிறது என்பது சுவாரசியமான பொருத்தம்.

கதை இதுதான். மிர்தானா நாட்டு அரசர் ரோபார் ஓர்க்குகளோடு போரில் இருக்கிறார். ஆயுதம் செய்ய மந்திரத் தாது வேண்டும். சிறு குற்றம், பெருங்குற்றம் என்று பார்க்காமல் கைதிகளையெல்லாம் பிடித்துச் சுரங்கத்தில் தள்ளுகிறார். அவர்கள் தப்பி ஓடாமலிருக்க மந்திரவாதிகள் பள்ளத்தாக்கின் மேல் ஒரு மாயத் தடுப்பை எழுப்புகிறார்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல. உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. மந்திரம் கைமீறிப் போய், தடுப்பு நினைத்ததைவிடப் பெரிதாகிவிடுகிறது. அதை எழுப்பிய மந்திரவாதிகளே உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள்!

அந்தக் குழப்பத்தில் கைதிகள் காவலர்களை வென்று சுரங்கத்தைக் கைப்பற்றுகிறார்கள். அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. அரசருக்குத் தாது வேண்டும், கைதிகளுக்குச் சோறும் துணியும் வேண்டும். இரண்டு பேரும் வியாபாரம் பேசிக்கொள்கிறார்கள். பள்ளத்தாக்குக்குள் தங்கக் காசு செல்லாது, தாதுக் கட்டிதான் பணம். 'பணம் என்றால் என்ன' என்று வணிகவியல் வகுப்பில் முதல் வாரம் நடத்தும் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இந்தப் பள்ளத்தாக்குக்குள் பெயரே இல்லாத ஒரு கைதியாகத் தூக்கி எறியப்படுகிறார் ஆட்டக்காரர். வரவேற்பாக முகத்தில் ஒரு குத்து விழுகிறது. உலகத்தைக் காக்க அவதரித்த வீரன் என்று யாரும் ஆரத்தி எடுப்பதில்லை. பழைய முகாமுக்குள் நுழைந்ததுமே ப்ளட்வின் என்ற காவலன் பக்கத்தில் வந்து மாமூல் கேட்கிறான். பத்துக் கட்டி. கொடுப்பதா, வேண்டாமா? மொத்தக் கேமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சண்டை

ஆரம்பத்தில் நாயகனுக்கு வாள் பிடிக்கவே தெரியாது. ஒரு கையால் பிடிக்க வேண்டிய வாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விறகு வெட்டுவது போல வீசுவான். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எதிரி இரண்டு முறை கடித்துவிடும். லெவல் ஏறினால் பத்துப் பயிற்சிப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை அப்படியே பலமாக மாற்ற முடியாது. சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பழைய முகாமின் சண்டைக்களத்தருகே ஸ்காட்டி என்பவரிடம் பயிற்சி எடுத்த பிறகுதான் நாயகன் வாளை ஒரு கையில் பிடிக்கிறான், நிற்கும் தோரணை மாறுகிறது, வீச்சுகள் ஒன்றோடொன்று கோத்து வருகின்றன. வேறு கேம்களில் வளர்ச்சி என்பது திரையின் மூலையில் ஏறும் ஒரு எண். கோதிக்கில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். மனிதர்களோடு நடக்கும் சண்டையில் தோற்றால் பெரும்பாலும் சாவு வராது. எதிராளி அடித்துக் கீழே தள்ளிவிட்டு, மடியில் இருக்கும் தாதுவையும் கையில் இருக்கும் ஆயுதத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆட்டக்காரர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். செத்துப்போனால் சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிடலாம், வலிக்காது. பிழைத்து எழுந்து பையைத் தடவிப் பார்க்கும்போதுதான் வலிக்கும்!

இதன் கட்டுப்பாடுகள் மோசம் என்று திட்டுபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஒரு பொருளைத் தரையிலிருந்து எடுக்கவே ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு இன்னொன்றைத் தட்ட வேண்டும். மவுஸ் இருந்தும் பெரிய பிரயோஜனம் கிடையாது. முதல் ஒரு மணி நேரத்திலேயே மூடி வைத்தவர்கள் ஏராளம். ஆனால் தாண்டி வந்தவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாயகனும் தடுமாறுகிறான், ஆட்டக்காரரும் தடுமாறுகிறார். இருவரும் சேர்ந்தே தேறுகிறார்கள்.

உலகம்

கோதிக்கின் உலகம் சின்னது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சில நிமிடங்களில் ஓடிவிடலாம், வழியில் யாரும் தின்னாமல் இருந்தால்! வரைபடம் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி எதுவும் கிடையாது. வழி சொல்பவர் பாலம், குகை, மலைச்சரிவு என்று அடையாளம் சொல்வார், அதைக் கவனித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முக்கியமான விஷயம், எதிரிகளின் பலம் ஆட்டக்காரரின் லெவலைப் பார்த்து மாறாது. 2006-ல் வந்த 'ஆப்ளிவியன்' கேமில் நாயகன் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்ந்தார்கள். கடைசியில் சாதாரண வழிப்பறிக் கொள்ளையன்கூட விலையுயர்ந்த கவசம் போட்டுக்கொண்டு வந்து வழிமறித்தான். அவ்வளவு வசதி இருப்பவன் ஏன் வழிப்பறி செய்கிறான் என்று ரசிகர்கள் கிண்டலடித்தார்கள். கோதிக்கில் அப்படி இல்லை. காட்டுக்குள் இருக்கும் ஷேடோபீஸ்ட் என்ற கொம்பு மிருகம் முதல் நாளும் அங்கேதான் இருக்கும், முப்பதாவது நாளும் அங்கேதான் இருக்கும். முதல் நாள் போனால் ஒரே பாய்ச்சலில் கதை முடிந்தது. அதனால் காட்டுக்கு வேலியே தேவையில்லை, பயமே வேலி. பல மணி நேரம் கழித்து அதே மிருகத்தை வெட்டிச் சாய்க்கும்போது கிடைக்கும் திருப்தி, அன்று தலைதெறிக்க ஓடியவருக்குத்தான் கிடைக்கும்.

ஊருக்குள்ளும் இப்படித்தான். மனிதர்கள் காலையில் எழுகிறார்கள், வேலை செய்கிறார்கள், சாயங்காலம் நெருப்பருகே உட்கார்ந்து பேசுகிறார்கள், இரவில் தூங்குகிறார்கள். அடுத்தவர் குடிசைக்குள் நுழைந்தால் வெளியே போ என்பார்கள். ஆயுதத்தை உருவிக்கொண்டு நின்றால் முறைப்பார்கள். அங்கே வாழ ஒரு மரியாதை தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வு

பள்ளத்தாக்கில் மூன்று முகாம்கள். பழைய முகாம் அரசரோடு வியாபாரம் செய்து சொகுசாக வாழ்கிறது. புதிய முகாம் தாதுவைக் குவித்துத் தடுப்பையே வெடித்துத் தகர்க்கப் பார்க்கிறது. சதுப்பு நில முகாம் 'உறங்குபவர்' என்ற தெய்வம் விடுதலை தரும் என்று நம்பிக் காத்திருக்கிறது. இவற்றில் ஒன்றில்தான் சேர முடியும். மூன்றும் நல்லவர்கள் கூட்டமில்லை, கெட்டவர்கள் கூட்டமுமில்லை.

பழைய முகாமில் சேர வேண்டுமென்றால், சுரங்கத்திலிருந்து ஒரு சரக்குப் பட்டியலை வாங்கி வரச் சொல்லி டியேகோ அனுப்புவார். அதை ஒழுங்காக அவரிடமே கொடுக்கலாம். புதிய முகாமின் திருடர் தலைவன் லாரெஸிடமும் கொண்டுபோய்க் காட்டலாம். நல்ல தேர்வுக்கு நீலம், கெட்ட தேர்வுக்குச் சிவப்பு என்று எந்த அடையாளமும் கிடையாது. நேர்மைக்கு என்ன கிடைக்கும், துரோகத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஆட்டக்காரரே கணக்குப் போட வேண்டும்.

2002-ல் வந்த இரண்டாம் பாகத்தில் இது இன்னும் அழகாக வருகிறது. கோரினிஸ் நகரத்து வாசலில் காவலர்கள் நிற்கிறார்கள், பரதேசி போல இருப்பவனை உள்ளே விட மாட்டார்கள். லோபார்ட் என்ற விவசாயியின் வயலில் டர்னிப் கிழங்கு பிடுங்கிக் கொடுத்து, குடியானவன் உடையைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு போகலாம். காவலருக்கு நூறு பொற்காசு தள்ளலாம். கடல் வழியாக நீந்திப் போகலாம். அல்லது காந்தார் என்ற வியாபாரி அனுமதிச் சீட்டு தருவான், அதற்குப் பதிலாகப் பின்னால் ஒரு உதவி செய்ய வேண்டும். அந்த உதவி என்னவென்றால், சாரா என்ற ஆயுத வியாபாரியை ஒரு கடிதத்தை வைத்துச் சிக்க வைப்பது. ஓசியில் கிடைத்த சீட்டுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பிழைப்பு இருக்கிறது! சோம்பேறித்தனத்தின் விலை அங்கேதான் தெரிகிறது.

குறையும் இருக்கிறது. முதல் பாகத்தின் பிற்பாதியில் எந்த முகாமில் சேர்ந்தவரும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் நடந்தாக வேண்டும். இதை ரசிகர்களே ஒத்துக்கொள்கிறார்கள். சிறிய நிறுவனம், மூன்று முழுக் கதைகளை எழுதிப் படமாக்கப் பணமும் நேரமும் எங்கே போவது? ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்காத பாதைக்கும் தயாரிப்பாளர் செலவு செய்தாக வேண்டும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நாயகன் பலவீனமானவனாக இருப்பதால்தான் காடு பயமுறுத்துகிறது. காடு பயமுறுத்துவதால்தான் ஒரு முகாமின் பாதுகாப்பு தேவைப்படுகிறது. அது தேவைப்படுவதால்தான் எந்த முகாம் என்ற தேர்வுக்கு எடை வருகிறது. முதல் செங்கல்லை உருவினால் மேலே இருப்பதெல்லாம் சரியும். பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றை எடுத்துக்கொள்ளும்போது விட்டுக்கொடுத்த இன்னொன்றுதான் அதன் உண்மையான விலை. எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் பெறும் நாயகனுக்குத் தேர்வு என்று எதுவும் கிடையாது.

சரிந்த கதை

அது அப்படியே நடந்தது. 2006-ல் வந்த மூன்றாம் பாகத்தில் உலகம் பல மடங்கு பெரிதானது. சண்டை, பட்டனை விடாமல் தட்டுவதாகச் சுருங்கியது. ஓர்க் படையையே வெட்டி வீழ்த்தும் நாயகனைச் சாதாரணக் காட்டுப்பன்றி எழவிடாமல் முட்டியே கொன்றது. ரசிகர் வட்டாரத்தில் அந்தப் பன்றிக்குத் தனிப் புகழே உண்டு! பிழைகள் எக்கச்சக்கம். ரசிகர்களே கூடிப் பல வருடங்கள் உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்தார்கள். தயாரிப்பாளரும் வெளியீட்டாளர் ஜோவுட்டும் பிரிந்தார்கள். 2008-ல் அதன் தொடர்ச்சியாக வந்த துணைப் பாகம், வேறெங்கும் இல்லை, மும்பையின் ட்ரைன் கேம்ஸ் தயாரித்தது. அது பலத்த கண்டனத்தைச் சந்தித்தது. 2010-ல் நான்காவதாக வந்த 'ஆர்கானியா'வில் முகாம்களே இல்லை. வீடு புகுந்து திருடினாலும் வீட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை. 2011-ல் ஜோவுட் திவாலானது.

பிரான்யா பைட்ஸ் 'ரைசன்', 'எலெக்ஸ்' என்று தன் பாணியிலேயே தொடர்ந்தது. 2019-ல் அதை டிஎச்க்யூ நோர்டிக் வாங்கியது. அதன் தாய் நிறுவனமான எம்பிரேசர் எக்கச்சக்கமான நிறுவனங்களை வாங்கிக் குவித்திருந்தது. 2023 மே மாதம் 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கைநழுவிப் போக, ஆட்குறைப்பு ஆரம்பித்தது. 2024-ல் பிரான்யா பைட்ஸ் மூடப்பட்டது. எங்கோ போட்ட கணக்கு தப்பியதற்கு இங்கே இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

ஆனால் ரசிகர்களின் வாதம் மூடப்படவில்லை. 2019 டிசம்பரில் முதல் பாகத்தின் மறுஆக்கத்துக்கு ஒரு மாதிரி வெளியிடப்பட்டு, கருத்து கேட்கப்பட்டது. சண்டை மாறியிருக்கிறது, நாயகன் ஓயாமல் பேசுகிறான், பழைய கரடுமுரடான இருட்டு எங்கே என்று குவிந்தன பதில்கள். மறுஆக்கம் வேண்டும், ஆனால் இப்படி வேண்டாம்! அசலுக்கு நெருக்கமாகச் செய்வதாக 2020-ல் அறிவிப்பு வந்தது.

2021 டிசம்பரில் போலந்து ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டாம் பாகத்தின் பழைய எஞ்சினை வைத்தே, 'க்ரானிகிள்ஸ் ஆஃப் மிர்தானா: ஆர்கோலோஸ்' என்ற முழு நீளக் கேமைப் பல வருட உழைப்பில் தயாரித்து இலவசமாகக் கொடுத்தார்கள். புதிய தீவு, புதிய நாயகன் மார்வின், முழுக்கக் குரல் கொடுக்கப்பட்ட வசனங்கள். அந்த மார்வினும் ஆரம்பத்தில் வாளைப் பிடிக்கத் தெரியாமல்தான் நிற்கிறான். அதே பழைய கட்டுப்பாடுகள், அதே தடுமாற்றம். மாற்ற நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். எது குறை, எது உயிர் என்று இருபது வருடம் விவாதித்தவர்கள், எதைத் தொடக்கூடாது என்று அதில் பதில் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பதிலுக்கு அவர்கள் ஒரு பைசா வாங்கவில்லை. ப்ளட்வின் மட்டும் இருந்திருந்தால் அதற்கும் பத்துக் கட்டி கேட்டிருப்பான் :-)