அச்சின் வலி அறிதல்

வலிமையை வேண்டாதார் உலகில் அரியர். சிறுவன் உருட்டும் வளையம் முதலாகப் பெரியோர் ஊரும் மோட்டார் வண்டி ஈறாக, எதனையும் இன்னும் சிறிது விரைந்து செலுத்தவேண்டும் என்னும் அவா மக்கட்கு இயல்பாகவே அமைந்துள்ளது. அவ்வவாவினைக் குற்றமென்று யாம் கூறோம். ஆயின், வலிமையைப் பெறுதல் ஒன்று. பெற்ற வலிமையைத் தாங்குதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டினைச் சில திங்கள்களாக ஒரு பழைய மோட்டார் வண்டியின் அடியிற் கிடந்து யாம் கற்றோம். கற்றதனை நம் கல்லூரி அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இக்கல்லூரியின் பௌதிக வகுப்பில் எம்முடன் ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற தோழர் ஒருவர், எம்மைப் போலவே பல்லாண்டுகளாக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வாழ்ந்து வருகின்றார். இளமை தொட்டு அவர் உள்ளத்தில் இருந்த ஆசை, திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே. அவர் வாங்கியது மாஸ்டா கம்பெனியாரின் எம்.எக்ஸ்.-5 என்பது. இருவரே அமரத்தக்க இவ்வண்டி, 1989-ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தார்க்குக் காட்டப்பெற்றது. எஞ்சின் முன்னே, உந்தும் சக்கரங்கள் பின்னே. நான்கு சிலிண்டரும் பதினாறு வால்வும் உடைய 1.6 லிட்டர் எஞ்சின் ஏறக்குறைய 115 குதிரைத்திறன் ஈனும். வண்டியின் எடையோ ஓராயிரம் கிலோகிராமிற்கும் குறைவு. பெருவலி படைத்தது அன்றாயினும், வளைந்து செல்லும் சாலைகளில் ஓட்டுவோன் குறிப்பறிந்து நடக்கும் நல்லியல்பினால் அது பெரும்புகழ் எய்திற்று.

தோழர் வாங்கிய வண்டியோ தன் இயல்பு திரிந்தது. முன்னர் அதனை வைத்திருந்த ஒருவர், எஞ்சினில் ஒரு டர்போவைப் பூட்டியிருந்தார். பிறவற்றை எல்லாம் ஆலையில் வந்தவாறே விட்டிருந்தார். வாங்கிய மூன்றாம் வாரத்தில், சாலை கூடும் ஓரிடத்திற் புறப்படுங்கால், பனைமட்டை முறிந்தாற்போன்ற ஓர் ஓசை பின்னே எழுந்தது. எஞ்சின் முழங்கிற்று; சக்கரம் அசையவில்லை. பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பின்புற டிபரென்ஷியலைத் திறந்தபோது, உடைந்த பற்கள் எண்ணெயினூடே கிடந்தன. அவற்றைக் கண்ட தோழர், வண்டியை விற்றுவிடுவதா, செப்பஞ் செய்வதா என்று மூன்று நாள் மயங்கினார். பின்னர் எம்மை அழைத்து, “செய்வதாயின் முறையாகச் செய்வோம்” என்றார். அன்று தொடங்கியது எம் வேலை.

டர்போ என்பது யாதென அறியாதார் பொருட்டு ஈண்டுச் சிறிது கூறுவோம். எஞ்சினிலிருந்து வெளிப்படும் புகை வெப்பமும் விசையும் உடையது. வாளா வெளியே கழிவது. அதனை ஒரு சிறு காற்றாடியின்மேற் செலுத்தினால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் அமைந்த மற்றொரு காற்றாடி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுள் திணிக்கும். காற்று மிகின் அதற்கேற்பப் பெட்ரோலை மிகுக்கலாம். பெட்ரோல் மிகின் வலிமை மிகும். கழிவதனைக்கொண்டு ஆக்கம் தேடும் இந்நுண்ணிய உபாயத்திற்குச் சுவிட்சர்லாந்து தேயத்து ஆல்ஃபிரட் பியூக்கி என்னும் பொறியாளர் 1905-ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றார். அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், செவ்ரோலெட் கார்வேர் மான்ஸா ஸ்பைடர் என்னும் வண்டிகளில் டர்போ பொதுமக்கள் கைக்கு வந்தது.

இனி, டிபரென்ஷியல் உடைந்தது ஏன் என்னும் வினாவிற்கு விடை காண்போம். இது கல்லூரிக் கணக்கே. டர்போ இல்லாத இவ்வெஞ்சினின் முறுக்குவிசை மிகுதியாக 136 நியூட்டன் மீட்டர். அது முதற் கியரில் 3.136 மடங்காகப் பெருகும். டிபரென்ஷியலில் மேலும் 4.3 மடங்காகும். உராய்வால் நேரும் இழப்பைக் கணியாது விடின், பின்னச்சுக்குச் செல்வது ஏறக்குறைய 1,830 நியூட்டன் மீட்டர். டர்போவினால் எஞ்சினின் முறுக்கு ஒன்றரை மடங்காயின், அச்சுக்குச் செல்வது 2,750 ஆகும். எஞ்சினில் 68 மிகுந்தது. அச்சிலோ 900-க்கு மேல் மிகுந்தது. அதன்மேற் கிளட்சைத் திடுமென விடுவதால் எழும் அதிர்ச்சியும் சேரும். பழைய 1.6 லிட்டர் வண்டியின் டிபரென்ஷியற் பற்சக்கரம் ஆறங்குல விட்டமே உடையது. அது பற்களை இழந்ததில் வியப்பு யாது?

மயிற்பீலியே ஆயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்று, வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவனார் உணர்த்தியதனை யாம் பள்ளியிற் படித்துப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். அச்சு முறிதலைக் கண்ணாற் கண்டபோதே அதன் பொருள் உள்ளத்திற் பதிந்தது.

பெருங்கம்பெனியாரும் இவ்வுண்மையைப் போற்றியே நடந்தனர். ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியார் 1975-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த 911 டர்போ வண்டி 260 குதிரைத்திறன் உடையது. அவர்களுடைய பிற 911 வண்டிகளில் ஐந்து கியர்கள் கிடைத்திருக்கவும், இதற்கு நான்கே கியர்கள் கொண்ட, ஆயின் தடித்த பற்களையுடைய புதிய பெட்டியொன்றை அமைத்தனர். 1978-ஆம் ஆண்டு மாதிரியில் எஞ்சினைப் பெரிதாக்கித் திறனை 300 ஆக உயர்த்தியபொழுது, தம் 917 பந்தய வண்டியின் வழிவந்த பிரேக்குகளையும் உடன் பூட்டினர். வலிமை ஒன்றை ஏற்றியவிடத்துத் தாங்குவதொன்றையும் நிறுத்துவதொன்றையும் ஏற்றுதலே நூல்நெறி.

அந்நெறியையே யாமும் மேற்கொண்டு பின்னிருந்து முன்னோக்கி வேலையைத் தொடங்கினோம். 1994-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வந்த 1.8 லிட்டர் வண்டிகளின் டிபரென்ஷியல் ஏழங்குலப் பற்சக்கரம் உடையது. பழுதான வண்டிகளைப் பிரித்து விற்பார் ஒருவரிடம் அதனைப் பெற்றோம். டிபரென்ஷியலை மட்டும் மாற்றினாற் போதாது; அதனோடு இணையும் இரு பக்கத் தண்டுகளையும், கியர்பெட்டியிலிருந்து வரும் நீண்ட தண்டினையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். அதன் விகிதம் 4.1 ஆதலின், அச்சுக்குச் செல்லும் முறுக்கும் 2,620 அளவாகச் சிறிது தணிந்தது. கிளட்ச் தட்டினையும் 200 மில்லிமீட்டரிலிருந்து 215 ஆக்கி, அதற்குரிய பறசக்கரத்தையும் பூட்டினோம். துருப்பிடித்த போல்ட்டுகளோடு போராடி எம் கைகள் கன்றிய கதையை விரிப்பின் பெருகும்.

பின்னரே எஞ்சினை நோக்கினோம். காற்றை அமுக்கின் அது சுடும் என்பது சைக்கிள் பம்பைப் பிடித்தார் அனைவரும் அறிந்தது. முப்பது பாகை வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்திற்கு டர்போ உயர்த்துமாயின், அஃது எண்பது பாகையை எட்டுதல் கூடும். சுடுகாற்று நெருங்கி நில்லாது. அன்றியும், சிலிண்டரினுள் தீப்பொறிக்கு முறையாகப் பணியாமல், எஞ்சிய கலவை தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டி போல் அடிக்கும். இதனைத் தடுத்தற்கு மூன்று காவல் வேண்டும். ஒன்று, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். இரண்டு, மிகுதியான பெட்ரோல்: சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றாயின், அழுத்தம் ஏறியவிடத்து 12 பங்கிற்கும் சற்றுக் குறைவாகவே காற்று இருத்தல் நன்று. மூன்று, தீப்பொறியைச் சிறிது தாழ்த்துதல். இவற்றைக் கணித்து நடத்தப் புதிய கணினிப் பெட்டியொன்றையும் பெரிய இன்ஜெக்டர்களையும் அமைத்தோம். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஓரிலக்கம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. அது மிதப்பது எஞ்சின் எண்ணெயின் மெல்லிய ஏட்டின்மீதே. ஆதலின் எண்ணெய் செல்லும் குழாயையும் மீளும் குழாயையும் ஒருமுறைக்கு இருமுறை சோதித்தோம். பிரேக்குகளையும் 1.8 லிட்டர் வண்டியின் பெரியனவாக மாற்றினோம். செய்த மாற்றங்கள் அனைத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியார்க்கு எழுதித் தெரிவித்தார் தோழர்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு வினா எழுந்தது. டர்போவின் அழுத்தத்தை எவ்வளவில் நிறுத்துவது? அரைக் காற்றுமண்டல அளவில் நிறுத்தின் ஏறக்குறைய 170 குதிரைத்திறன் கிடைக்கும். அதற்கு மேலும் ஏற்றலாம். கணினியில் ஓர் எண்ணை மாற்றுதலே வேலை. ஆயின் ஏற்ற ஏற்ற, எஞ்சினின் உள்ளேயிருக்கும் கனெக்டிங் ராடு வளையும் எல்லை நெருங்கும். தோழரின் மகன் பதினேழு வயதினன். அந்நாட்டில் கார் ஓட்டப் பயில்வதற்குரிய வயது அதுவே. எம் அருகில் நின்று விளக்குப் பிடித்து உதவிய அவன், “மாமா, இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன?” என்று எம்மைக் கேட்டான். யாம் விடை கூறுமுன் தோழர் எழுந்து, தகரப்பெட்டியிலிருந்து உடைந்த பல்லொன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, “இதை முறித்தது அரை அழுத்தமே, தம்பி” என்றார். மகன் அதனை நெடுநேரம் புரட்டிப் பார்த்தான். பின்னர் அவன் கேட்டது அழுத்தத்தைப் பற்றியன்று, “பிரேக் எவ்வளவு தூரத்தில் நிற்கும், அப்பா?” என்பதே. தந்தையின் முகம் தெளிந்ததை யாம் கண்டோம். அழுத்தம் அரையிலேயே நின்றது.

மாணவ அன்பர்காள்! டர்போவைப் பெற்றவன் எஞ்சின் மூடியைத் திறந்து அனைவர்க்கும் அதனைக் காட்டுவான். டிபரென்ஷியலைக் காட்டுவார் ஒருவரும் இலர்; அது வண்டியின் அடியில், சேற்றினூடே, பெயரின்றி உழைப்பது. எம் தோழர் செலவிட்ட பணத்திற் பெரும்பங்கு அத்தகைய காணாவிடங்களுக்கே சென்றது. கல்வி, பதவி, செல்வம் என்னும் இவையெல்லாம் நம்மை விரைந்து உந்துவனவே. அவற்றை ஏற்குமுன் நம்முள் ஏழங்குலம் உண்டோ, ஆறங்குலமே உண்டோ என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுதல் நலம். குறைவெனின் கவலற்க, மாற்றிக்கொள்ளலாம். அதற்கு வேண்டுவன சில மாலைப்பொழுதுகளும், கைகன்றப் பொறுமையும், விளக்குப் பிடிக்க ஒருவருமே.