கோழியின் கவையெலும்பு

கோழிக் குழம்பை உண்டு மகிழ்ந்தோர் உலகிற் பலர். அக்கோழியின் எலும்புகளை ஒன்றும் விடாது கழுவி, உலர்த்தி, கம்பியிற் கோத்து, உயிரோடு நின்றாற்போல நிறுத்த முயன்றோர் சிலரே. எம் கல்லூரி விலங்கியல் வகுப்பினர் பதினால்வராகிய யாம் அச்சிலருட் சேர்ந்தது விருப்பத்தால் அன்று. ஒப்பியல் உடற்கூற்றுப் பாடத்தில் அது கட்டாயப் பயிற்சியாக விதிக்கப்பட்டிருந்தது.

செய்முறையைக் கரும்பலகையில் எழுதியவர் ஆசிரியர். அதனைக் கையாற் செய்யக் கற்பித்தவரோ ஆய்வுக்கூடத்து ஊழியராகிய பெரியவர். முப்பதாண்டு அக்கூடத்தில் உழைத்தவர். எம் பாடநூலின் ஒரு பக்கத்தையேனும் படித்தறியாதவர். ஆயினும், எலும்பொன்றைக் கண்மூடித் தடவி, "இது இடம், இது வலம்" என்று பிழையின்றிக் கூறுவார். "கொதிக்க விடாதீர்கள், தம்பி, வெந்நீர்ச் சூடு போதும். கொதித்தால் எலும்புக்குள் கொழுப்பு ஊறிப் பின்னால் மஞ்சளாகிவிடும்" என்பார். சலவைத் தூளைக் கொண்டு விரைவில் வெளுக்க முயன்றவரைத் தடுத்து, அது எலும்பையே அரித்துவிடும் என்று கூறி, ஹைட்ரஜன் பெராக்சைடை நீரிற் கலந்து கொடுத்தார். யாம் கோத்து முடித்த கால்களைக் கண்டு அவர் நகைத்த நகைப்பு இன்னும் எம் செவியில் உள்ளது. தொடையெலும்பின் பந்து போன்ற தலை உடலை நோக்க வேண்டும். எம் கோழியிலோ அது வெளியே நோக்கி நின்றது. "இந்தக் கோழி எழுந்து நடந்தால் உங்களைத்தான் வந்து கேட்கும்" என்றார். வலத்தையும் இடத்தையும் மாற்றிக் கட்டியிருந்தோம்.

இவ்வளவும் சொல்லத் தக்கவை. இனிச் சொல்ல வேண்டுவது அத்தகையதன்று.

ஒரு மாலை, பந்தாட்டம் காணும் விரைவில், எலும்பு ஊறிய நீரைச் சல்லடையின்றித் தொட்டியிற் கவிழ்த்தோம். பெரியவர் பன்முறை விலக்கிய செயல் அது. கோழியின் மார்பின் முன்புறத்தில் இரு காறையெலும்புகளும் ஒன்றாய் இணைந்து, உண்டிவில்லின் கவையைப் போல நிற்கும் மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. அது நீரோடு வடிகாலிற் போயிற்று. மறுநாள் ஆசிரியர் எண்ணிப் பார்த்து, "கவையெலும்பு எங்கே?" என்றார். எம்முள் ஒருவர், "நேற்று மாலை தொட்டியைக் கழுவியவர் பெரியவர், ஐயா" என்றார். அது பொய்யன்று, யாம் சென்றபின் அவர் கழுவியது உண்மையே. மற்றைப் பதின்மூவரும் வாய் திறந்திலோம். அருகில் நின்ற பெரியவர் எம்மை ஒருமுறை நோக்கி, "நான் கவனிக்கவில்லை, ஐயா" என்று மட்டும் கூறினார். ஆசிரியர் அவரைச் சிறிது கடிந்துகொண்டார். யாம் கம்பியை வளைத்து அவ்விடத்தை நிரப்பினோம்.

அவ்வாண்டு எம் கல்விச் சுற்றுலா கல்கத்தாவிற்கு அமைந்தது. ஆங்கு பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியற் கழகத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் ஒரு டைனோசாரின் எலும்புக்கூடு நிற்கின்றது. எண்களை ஆளும் கழகத்துக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு என்று யாமும் வியந்தோம். கழகத்தை நிறுவிய மகலனோபிசு, புள்ளியியல் ஏனை அறிவியல்களோடு கலந்தே வளர வேண்டும் என்ற கொள்கையுடையவர். 1957-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பமிலா ராபின்சன் அம்மையாரை அவரே அழைத்து, புதைபடிவ ஆராய்ச்சியைத் தொடங்குவித்தார். அவ்வழி வந்தவர்கள் பிராணகிதை–கோதாவரிப் பள்ளத்தாக்கில் 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்தவற்றின் பயனே யாம் கண்ட உரு.

அதன் பெயர் பராபாசாரசு தாகூரி. வங்க மொழியிற் பெருங்கால் எனப் பொருள்படும் சொற்களால் ஆகியது அதன் முற்பகுதி. தொடையெலும்பு ஒன்றே ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளமுடையது. எம்முள் மிக உயர்ந்தவர் அதனருகில் நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தார். பெருமை கொள்ள இடமில்லை. பிற்பகுதியோ, 1961-இல் நூற்றாண்டு கொண்டாடப்பெற்ற கவி தாகூரின் நினைவாக இடப்பட்டது. முதல் முதல் முறையாக விவரித்துப் பெயரிட்டவர் ஜெயின், குட்டி, ராய் சௌதுரி, சட்டர்ஜி என்னும் நால்வர், ஆண்டு 1975.

அகழ்ந்ததற்கும் பெயரிட்டதற்கும் இடையே ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு! அதனை நூலிற் படித்தபோது யாம் சோம்பல் என்றே எண்ணியிருப்போம். அந்த உருவின் முன் நின்றபோதுதான் அக்காலம் எவ்வாறு சென்றிருக்கும் என்பது விளங்கிற்று. கிடைத்தவை ஏறத்தாழ முந்நூறு எலும்புகள். ஒரே விலங்கினவும் அல்ல. பல விலங்குகளின் எலும்பு கலந்து கிடக்குமாயின், இடத் தொடையெலும்புகளை மட்டும் எண்ணுவர். ஒரு விலங்குக்கு அஃது ஒன்றே அன்றோ? அவ்வாறு எண்ணி, ஆறு விலங்குகளேனும் ஆங்குக் கிடந்தன என்று துணிந்தனர். எம் பெரியவர் கண்மூடித் தடவிச் சொன்ன அதே இடமும் வலமும்தான்! தலையோடு கிடைத்திலது, பற்கள் சிலவே கிடைத்தன.

இத்தகைய கூடங்களில் உழைப்போர் செயல் வேறெங்கும் ஒருபடித்தே. களத்திற் சாக்குத் துணியைப் பாரிசுச் சாந்தில் தோய்த்து எலும்பைச் சுற்றிக் கட்டுவார் ஒருவர். அதனைச் சுமப்பார் பலர். கூடத்தில் உளியும் ஊசியும் கொண்டு, ஒரு முள்ளெலும்பின் குழிவிலிருந்து பாறையைப் பொடிப்பொடியாக நீக்கியவாறு திங்கள் பலவற்றைப் போக்குவார் ஒருவர். உடைந்ததை ஒட்டுவார், எண்ணிடுவார், வரைவார், இரும்புச் சட்டம் வளைப்பார் எனப் பலர். ஊசி சற்றே வழுவினால் எலும்பின் ஒரு விளிம்பு தூளாகிவிடும். அதன்பின் அவ்விளிம்பைப் பற்றி எவ்வளவு பெரிய அறிஞரும் பேச வழியில்லை. விலங்கின் பெயரை அடுத்து அச்சிடப்படுவோர் ஒருவரோ நால்வரோ ஆவர். ஊசி பிடித்தவர் பெயர் பெரும்பாலும் அவ்விடத்தை அடைவதில்லை.

திரும்பும் வழியில் இரயில் வண்டியில் ஆசிரியர் ஒரு வரலாறு கூறினார். அவர் எம்மைக் கருதிக் கூறினாரல்லர். அதனாலேயே அது தைத்தது. டென்மார்க்கு நாட்டு ஓவியர் ஹைல்மன் என்பார் பறவையின் தோற்றம் குறித்து எழுதிய நூலின் ஆங்கிலப் பதிப்பு 1926-இல் வெளிவந்தது. பறவைக்கும் இருகால் டைனோசார்களுக்கும் உள்ள ஒப்புமையை அவர் எலும்பு எலும்பாகக் கண்டார். ஆயினும் டைனோசார்களுக்குக் காறையெலும்பு இல்லை எனவும், ஒருமுறை இழந்த உறுப்பு மீளத் தோன்றாது எனவும் கொண்டு, அவை பறவையின் முன்னோர் ஆகா என்று முடித்தார். அறிஞருலகம் அம்முடிவை நெடுங்காலம் போற்றிற்று. இல்லாதிருந்ததோ காறையெலும்பு அன்று. மங்கோலியாவிற் கிடைத்து 1924-இல் விவரிக்கப்பட்ட ஓவிராப்டரில் கவையெலும்பு இருந்தும், அது பிறிதோர் எலும்பாகக் கருதப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்து ஆசுட்ரம் தாம் 1964-இற் கண்டெடுத்த டைனோனிக்கசின் கையையும் ஆதிப்பறவையின் கையையும் ஒப்பிட்டு, பழைய வழக்கை மீண்டும் எழுப்பினார். பின்னர்க் கவையெலும்புகளும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இன்று கோழியும் டைனோசார்க் குலத்ததே என்பர். எம் பெருங்காலன் அதற்கு நேர் மூதாதையன்று, தூரத்துப் பங்காளி.

"ஒரு சிறிய கவையெலும்பு!" என்று கூறி ஆசிரியர் உறங்கச் சென்றார். யாம் உறங்கிலோம். விசயவாடா வரையில் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை.

கல்லூரி திறந்த அன்று பதினால்வரும் ஆசிரியரிடம் சென்று நிகழ்ந்ததைக் கூறினோம். அவர் எம்மைக் கடியவில்லை. "என்னிடம் கூறிப் பயனென்ன? அவரிடம் கூறுங்கள்" என்றார். பெரியவர் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாம் கூறி முடிக்கும் வரை துடைப்பதை நிறுத்திலர். பின்னர், "தெரியும், தம்பி. சல்லடை உலர்ந்து கிடந்ததே!" என்றார். அதன்மேல் அதைப் பற்றிப் பேசாது, கல்கத்தாவிலிருந்து கொணர்ந்த நிழற்படத்தை வாங்கி, தொடையெலும்பின் தலை எப்பக்கம் நோக்குகின்றது என்று நெடுநேரம் பார்த்தார்.

கம்பியால் வளைத்த போலிக் கவையை எடுத்துவிட்டோம். "கவையெலும்பு மாணவரால் இழக்கப்பட்டது" என்று சீட்டில் எழுதினோம். முன்பு அச்சீட்டில் எம் பெயர் பதினான்கும் இருந்தன. இப்பொழுது அவற்றின் மேலே ஆயத்தம் செய்தவர் என்று பெரியவர் பெயர் உள்ளது. இம்மலரில் அப்பெயரை அச்சிடலாகாதென்று அவரே விலக்கிவிட்டார். காண விழைவோர் விலங்கியற் கூடத்தில், சன்னலை அடுத்த மூன்றாம் பேழையைக் காண்க.