விகுதி பிரித்த காலம்

இயந்திர மொழிபெயர்ப்பில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாமே மோசஸ்தான். எடின்பரோவில் பிலிப் கோன் குழுவினர் 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள். ஆங்கில வாக்கியங்களையும் அவற்றின் தமிழாக்கத்தையும் கொடுத்தால், எந்தத் தொடருக்கு எந்தத் தொடர் என்று பெரிய அட்டவணை போட்டுத் தரும். இடையிடையே மும்மூன்று செங்குத்துக் கோடுகள், கடைசியில் நிகழ்தகவுகள். பிழை எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம்.

தமிழில் ஒரே வினை நூற்றுக்கணக்கான வடிவங்களில் வரும். பல வடிவங்கள் தரவில் ஒருமுறைகூட இருக்காது. அதனால் விகுதி பிரிக்கும் நிரல் எழுதினோம். சந்தி விதிகளைச் சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர். என் ஆய்வேட்டின் முதுகெலும்பே அதுதான்.

2016இல் எடின்பரோக்காரர்களே நரம்பு வலைப்பின்னலை வைத்து முன்னுக்கு வந்தார்கள். செப்டம்பரில் கூகுளும் மாறியது. சொல்லைத் துண்டாக்கும் எடின்பரோ முறைக்கு இலக்கணம் வேண்டாம். அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகளை ஒட்டிக்கொண்டே போனால் போதும்.

“அப்ப விகுதி பிரிக்கிறது யாரு?” என்று கேட்டார் பேராசிரியர்.

“அதுவே பிரிச்சுக்குமாம், ஐயா.”

“இலக்கணம் தெரியாமலா?”

அந்த முறை வெட்டிய சொற்களின் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, பென்சிலோடு உட்கார்ந்தார். பகுதியின் நட்டநடுவில் வெட்டு. சில இடங்களில் எழுத்து ஒரு துண்டிலும் அதன் கொம்பு அடுத்த துண்டிலும் கிடந்தன. பக்கத்துக்குப் பக்கம் ‘தவறு’ என்று எழுதினார். அந்தத் தவறான வெட்டுகளிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு எங்களுடையதைவிடச் சரளமாக இருந்தது. பொருள்தான் அங்கங்கே நழுவியது. “வாக்கியம் நல்லாத்தான் இருக்கு” என்றார், எரிச்சலோடு.

கொள்கை தோற்றிருந்தால் வாதாடியிருக்கலாம். இங்கே வாதமே நடக்கவில்லை. மதிப்பெண் ஏறியது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதுவகை நரம்பு வலைப்பின்னல் வந்தது. அதை உருவாக்கியவர்கள் எட்டு பி100 கிராபிக்ஸ் அட்டைகள் பூட்டிய கணினியில் மூன்றரை நாள் ஓட்டியிருந்தார்கள். அதற்குள் நான் ஆசிரியராகியிருந்த துறையிலோ வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் அட்டை ஒன்றுதான். மாணவர்கள் முறைவைத்து ஓட்டினார்கள். இன்னொன்று கேட்டால், “கம்ப்யூட்டர்தான் இருக்கே சார்” என்று கோப்பு திரும்பிவரும். நல்ல மாணவர்கள் ஒவ்வொருவராக நிறுவனங்களுக்குப் போனார்கள். தடுக்க என் கையில் என்ன இருந்தது?

அவர்களில் ஒருவன் போன வருடம் போன் செய்தான். “சார், தமிழுக்குச் சோதனைத் தரவு வேணும். மனுஷங்க சரிபார்த்தது. உங்ககிட்ட இருக்குமே?”

கணினி அவர்களிடம் மலையாகக் கிடக்கிறது. வரிவரியாகச் சரிபார்த்த தமிழ் மட்டும் இல்லை. கொடுத்தேன். பதிலுக்கு ஒரு அட்டை கேட்டிருக்கிறேன். அங்கேயும் கோப்பு நகர வேண்டுமாம்.