தகரப் பெட்டியும் கையேடுகளும்

நெய்வேலி என்றதும் பலருக்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும், மண்ணை வாரும் பெருஞ்சக்கரப் பொறிகளுமே நினைவுக்கு வரும். எமக்கோ, நகரியத்து வீட்டில் கட்டிலடியில் கிடந்த தகரப் பெட்டியொன்றே முதலில் தோன்றுகிறது. அலுவலகமொன்றில் தட்டச்சராய்ப் பணியாற்றிய எம் தந்தையார், பிறர் வேண்டாவென ஒதுக்கிய பொறிக் கையேடுகளை அதில் சேர்த்து வைத்திருந்தார். தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு ஒன்று. ஸ்டென்சில் கொண்டு படியெடுக்கும் கெஸ்டட்னர் பொறிக்கு ஒன்று. கணக்கிடும் பொறிக்கு ஒன்று.

பொறி தமிழ்ப் பொறி, கையேடோ ஆங்கிலத்தில்! ஆதலின் அச்சிட்ட வரிகளினும் அவர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய தமிழே எமக்கு விளங்கிற்று. புள்ளி விசையை அழுத்தினால் தாளேந்திய உருளை நகராது; புள்ளியை முதலில் அடித்து, அதன்பின்னரே எழுத்தை அடித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து இரா. முத்தையா தமிழுக்கெனக் கண்ட நகரா விசை அது. அது தளர்ந்தால் புள்ளி ஓரிடத்தும் எழுத்து வேறிடத்தும் விழும். எத்திருகை எவ்வளவு முறுக்கினால் சீராகும் என்பதைத் தந்தையார் படமாகவே வரைந்திருந்தார். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றபோது, ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்களை இனி அடிக்கலாகாது என்ற குறிப்பும் அங்கேயே ஏறிற்று.

அவர் ஓய்வு பெற்று, குடியிருப்பைக் காலி செய்தபோது, அவரைக் கேளாமலே அவற்றைப் பழைய தாள் வணிகரிடம் எடைக்குப் போட்டோம். கணினி வந்துவிட்டதே என்பது எம் வாதம். கிடைத்த காசில் தேநீர் அருந்தியதும் நினைவிருக்கிறது.

சில திங்கள் சென்றன. கணவரை இழந்தபின் மனுக்கள் தட்டச்சிட்டுப் பிழைத்து வந்த பழைய அண்டை வீட்டு அம்மையார் எம்மைத் தேடி வந்தார். "அண்ணே, புள்ளியெல்லாம் தள்ளித் தள்ளி விழுகிறது. அந்தப் புத்தகம் உங்களிடம் இருக்குமே?" என்றார். தந்தையார் பெட்டியைத் திறந்தார். எம்மை ஒருமுறை நோக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.

மந்தாரக்குப்பம் வரை பழைய தாள் கடைகளில் தேடினோம். கெஸ்டட்னர் கையேடு மட்டும் மேலட்டையின்றிக் கிடைத்தது. அதற்குள் தந்தையார், மங்கிய கண்களோடு அம்மையார் வீட்டுத் திண்ணையில் மூன்று நாள் அமர்ந்து, விரல் நினைவைக்கொண்டே விசையைச் சீராக்கிவிட்டார்.

பின்னர் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கி வரச் சொல்லி, நினைவில் இருந்தவற்றையெல்லாம் எழுதலானார். அஃது எம்மிடம் உள்ளது. தட்டச்சுப் பொறிப் பகுதி நிறைவுற்றிருக்கிறது. கணக்கிடும் பொறிக்கெனத் தலைப்பிட்டு அவர் விட்ட நான்கு பக்கங்கள் வெறுமையாகவே இருக்கின்றன.