கேரவன்ல மோர் கிடைக்கும்!

'கேரவன்'னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? ஷூட்டிங் ஸ்பாட், ஜில்லுனு ஏ.சி., கண்ணாடி முன்னாடி மேக்கப் போட்டுக்கிற ஹீரோ, கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கிட்டு நிற்கிற அசிஸ்டென்ட் டைரக்டர்... கரெக்ட்டா?

எங்க திருப்போரூர்லயும் ஒரு கேரவன் இருக்கு பாஸ். ஏ.சி. கிடையாது. ஹீரோவுக்கு வயசு 71. ஹீரோயின், ரிட்டயர்டு தமிழ் டீச்சர். வண்டி... மாருதி ஆம்னி!

சிரிக்காதீங்க. 796 சி.சி., மூணு சிலிண்டர். 1984-ல் வந்து, 2019-ல் உற்பத்தி நின்னுபோச்சே, அதே டப்பா வண்டிதான். பின்சீட்டுல இருந்து டிக்கி வரைக்கும் சமமா ஒரு பிளைவுட் பலகை. அதுக்கு மேல இலவம்பஞ்சு மெத்தை. ஜன்னலுக்குப் பழைய புடவையில தைச்ச திரை. டேஷ்போர்டுல விரல் உயரத்துக்கு ஒரு வேளாங்கண்ணி மாதா. எங்கேயும் ஒரு ஸ்க்ரூகூட அடிக்கலை. ''வண்டியோட அமைப்பை மாத்தினா சட்டப்படி தப்பு தம்பி. பலகையை எடுத்துட்டா இது பழையபடி ஃபேமிலி கார்'' என்பார் சார். அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 35 வருஷம் வேலை பார்த்தவர். ரூல்னா ரூல்தான்!

எங்க வீட்டுல இருந்து ரெண்டு வீடு தள்ளித்தான் அவங்க வீடு. டீச்சர் எங்க அம்மாவுக்கே பாடம் எடுத்தவங்க. ரிட்டயர் ஆனதுல இருந்து ஒவ்வொரு ஆகஸ்ட்டும் இந்த ஆம்னி கிளம்பிடும். பத்துப் பன்னிரண்டு நாள் வண்டியிலேயே தூக்கம், சர்ச் காம்பவுண்டுல குளியல், ரோட்டோரக் கடையில சாப்பாடு. ஊர் சுற்றிப் பார்க்கிறதுக்கு இல்லை. சென்னையில இருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களுக்கு வழி முழுக்க மோர் ஊற்றுவதற்கு!

போன ஆகஸ்ட்ல நானும் ஒருநாள் தொற்றிக்கிட்டேன்.

சக்கரத்துல வீடு

கிளம்புறதுக்கு முன்னாடி, கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வந்துடுவோம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வெச்ச வண்டிக்கு அங்கே 'ஆர்.வி.'ன்னு பேரு. வீட்டை வித்துட்டு அந்த வண்டியிலேயே குடித்தனம் நடத்துற ரிட்டயர்டு ஜோடிகள் நிறைய. அதுல சிலர் சும்மா சுத்துறதில்லை. யுனைடெட் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவங்க 1988-ல் 'நோமாட்ஸ்'னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. நாடோடிகள்னு அர்த்தம். வண்டியை ஓட்டிக்கிட்டு ஓர் ஊருக்குப் போவாங்க. பெரும்பாலும் மூணு வாரம் தங்கி, பழுதான சர்ச், பிள்ளைகள் காப்பகம், புயல்ல அடிவாங்கின வீடுன்னு ரிப்பேர் பண்ணிக் கொடுப்பாங்க. முடிஞ்சதும் அடுத்த ஊர்.

இதை நான் சொன்னப்போ சார் கண்ணு விரிஞ்சுது. ''அட! அப்ப நாம தனியா இல்ல'' என்று டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூலா கேட்டாங்க... ''அவங்க வண்டியில மோர் இருக்குமா?''

சிக்னல் இல்லாத ரோட்டுல கலர் சிக்னல்

விடியற்காலை நாலு மணி. திருப்போரூர், கேளம்பாக்கம் வழியா கோவளம். அங்கே கடலோரம் இருக்கிற கார்மேல் மாதா ஆலயம், 1808-ல் ஜான் டிமான்டிங்கிற வியாபாரி கட்டினது. ஆமாம் பாஸ், 'டிமான்டி காலனி' படம் பார்த்துட்டு ராத்திரி லைட் போட்டுத் தூங்கினீங்களே... அதே டிமான்டிதான்! நாங்க போனப்போ பேய் எதுவும் இல்லை. கால்ல பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு, நூறு பேர் வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க. எல்லாருக்கும் காவி டிரஸ்.

தமிழ்நாட்டு ரோட்டுல நடக்கிறவங்களை டிரஸ் கலரை வெச்சே சொல்லிடலாம். கறுப்புன்னா சபரிமலை. பச்சைன்னா பழனி. சிவப்புன்னா மேல்மருவத்தூர். ஆகஸ்ட் கடைசியில ஈ.சி.ஆர்.ல காவின்னா, வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் திருவிழா. 300 கிலோமீட்டருக்கு மேல் நடை. மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம்னு கடலைப் பிடிச்சுக்கிட்டே போகணும். மாதா சிலை வெச்ச குட்டித்தேரைத் தள்ளிக்கிட்டு, 'மரியே வாழ்க'ன்னு குரல் கொடுத்தபடி போவாங்க. கிருத்திகைக்குப் பால்குடத்தோட எங்க ஊர் கந்தசாமி கோயிலுக்கு வர்றவங்க 'அரோகரா' சொல்ற அதே சுருதி. கேட்டாத்தான் தெரியும்!

ஆம்னியோட டெக்னிக் சிம்பிள். கூட்டத்தைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி போய், ரோட்டை விட்டு இறங்கி மண்ணுல நிற்கணும். ரெண்டு டிரம் மோர். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டது. வெந்நீர், உப்பு, பிளாஸ்டர், வலி ஸ்பிரே. எல்லாரும் குடிச்சு முடிச்சதும் அடுத்த ஸ்டாப். திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, நெம்மேலி, பட்டிபுலம்...

எனக்கு ஒரு தனி டிபார்ட்மென்ட் கொடுத்தாங்க. ஒளி பட்டா மின்னுற டேப்பை வெட்டி, நடக்கிறவங்க முதுகுல ஒட்டணும். இன்ஜினீயரிங் படிக்கிறவனாச்சே, சும்மா இருப்பேனா? ''இது சாதாரண வெள்ளை மாதிரி வெளிச்சத்தைச் சிதறடிக்காது. உள்ள இருக்கிற குட்டிக் குட்டிக் கண்ணாடி மணிகள், எந்தப் பக்கம் இருந்து வெளிச்சம் வந்ததோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும். அதனாலதான் டிரைவர் கண்ணுக்கு பளிச்னு தெரியுது''ன்னு ஒரு அக்காவுக்கு லெக்சர் கொடுத்தேன். ''சரி தம்பி, சீக்கிரம் ஒட்டு. கூட்டம் போயிட்டே இருக்கு'' என்றார் அக்கா. எனக்குத் தேவைதான்!

பால், மோர், புயல்

வெயில் ஏறினதும் சாளுவன்குப்பத்துக்கிட்ட சவுக்கு நிழல்ல வண்டியை நிறுத்தினோம். ''உங்க ஆள் இங்கயும் இருக்கார், போய்ப் பார்த்துட்டு வா'' என்றார் டீச்சர். 2004 சுனாமிக்கு அப்புறம் தொல்லியல் துறை தோண்டி எடுத்த பழைய முருகன் கோயில் இங்கேதான் இருக்கு. அடியில இருக்கிற செங்கல் கட்டுமானம் சங்க காலத்துதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பார்த்துட்டு வந்ததும், ரொம்ப நேரமா கேட்கணும்னு நினைச்சதைக் கேட்டுட்டேன்.

''டீச்சர், நான் கந்தசாமி கோயில் ஆளு. நான் ஊத்துற மோர் மாதா கணக்குல வருமா?''

''வாங்கிக் குடிச்சவங்க யாராவது உன்னை அப்படிக் கேட்டாங்களா?''

நான் அவுட்!

அப்புறம்தான் டீச்சர் வேளாங்கண்ணி கதையைச் சொன்னாங்க. மரபா சொல்லப்படுற கதை மூணு. பால் கொண்டுபோன இடையர் பையன்கிட்ட, குழந்தையோட வந்த ஒரு அம்மா பால் கேட்கிறாங்க, கொடுக்கிறான், போய்ப் பார்த்தா செம்பு நிறைஞ்சிருக்கு. ஆலமரத்தடியில மோர் விற்ற, நடக்க முடியாத பையன்கிட்ட மோர் கேட்கிறாங்க; கொடுக்கிறான்; எழுந்து நடக்கிறான். மூணாவது, நடுக்கடல்ல புயல்ல மாட்டின போர்ச்சுக்கீசிய மாலுமிகள் வேண்டிக்கிட்டு, அந்தக் கரையில உயிரோட ஒதுங்கினது.

''கவனிச்சியா? மூணுல ஒண்ணுகூட கோயிலுக்குள்ள நடக்கலை. எல்லாமே வழியில. ரெண்டு கதையில மாதாவே தாகத்தோட வர்றாங்க. அதனால எங்களுக்கு வேளாங்கண்ணி அங்க போய்ச் சேர்ந்ததும் ஆரம்பிக்கிறது இல்லப்பா. கோவளத்துலயே ஆரம்பிச்சிடுது.''

டீச்சர் தமிழ் டீச்சராச்சே, விடுவாங்களா? ''பழைய தமிழ் பைபிள்ல, முதல் கிறிஸ்தவர்களை 'இந்த மார்க்கத்தார்'னுதான் எழுதியிருக்கு. மார்க்கம்னா சமயம். மார்க்கம்னா வழி. 'இந்த மார்க்கமா பஸ் இருக்கா'ன்னு கேட்கிறோம்ல, அதே மார்க்கம்தான்'' என்று சொல்லிட்டு, அடுத்த டிரம்முக்குத் தயிர் கடைய உட்கார்ந்துட்டாங்க.

அந்த ஒரு பிரேக்

மத்தியானம் மாமல்லபுரத்துல ரெஸ்ட். சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடியும் நடை. அன்னிக்கு இலக்கு கல்பாக்கம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், டூரிஸ்ட் கும்பல் எல்லாம் பின்னாடி போயிட்டா, ரோட்டுல திடீர்னு இருட்டு. வண்டிக்குள்ள யாரும் பேசலை.

எதிர்ல ஒரு பஸ், ஹை பீம்ல. ஒரு விநாடி எல்லாமே வெள்ளை. அது கடந்ததும் சார் படீர்னு பிரேக் மிதிச்சார். மோர் டிரம் வந்து என் முதுகுல இடிச்சுது. பம்பருக்கு முன்னாடி நாலடி தூரத்துல ஒரு பொண்ணு, ரோட்டோரமா குனிஞ்சு செருப்பு வாரைச் சரிபண்ணிட்டு இருந்துது. என் வயசுதான் இருக்கும். சாயங்காலம் புதுசா சேர்ந்த கூட்டம்போல, முதுகுல டேப் இல்லை. நிமிர்ந்து பார்த்துச்சு. 'மரியே வாழ்க'ன்னு சிரிச்சுட்டு ஓடிப்போய்க் கூட்டத்துல சேர்ந்துடுச்சு. அதுக்கு எதுவும் தெரியாது.

சார் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணினார். ஸ்டியரிங்ல இருந்த கை நடுங்கிட்டே இருந்துது.

''மாதா காப்பாத்திட்டாங்க'' என்றார் டீச்சர் மெதுவா.

''ஆமா. அதுக்காக நாளைக்கும் அவங்களையே பிரேக் மிதிக்கச் சொன்னா, அது விசுவாசம் இல்ல.''

அப்புறம்தான் விஷயம் வந்துது. சர்க்கரை நோயால சாருக்கு விழித்திரை பாதிச்சிருக்கு. லேசர் சிகிச்சை எடுத்தாச்சு. பகல்ல ஓகே. இருட்டுல, எதிர் வெளிச்சத்துல ரொம்பத் தடுமாறுது. வர்ற ஜூன்ல லைசென்ஸ் முடியுது. 55 வயசைத் தாண்டினா 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். டாக்டர்கிட்ட படிவம் 1ஏ வாங்கணும். வெளிநாட்டுல இருக்கிற பையன், 'வண்டியை வித்துடுங்கப்பா'ன்னு ஒரு வருஷமா சொல்லிட்டு இருக்கார்.

''தெரிஞ்ச டாக்டர் யாராவது கையெழுத்து போட்டுக் கொடுத்துடுவாங்க. ஆனா 35 வருஷம் சிக்னல்ல இருந்தவன் தம்பி நான். சிவப்பைப் பார்த்த பிறகு பச்சைன்னு எழுதித் தரச் சொல்லவா?''

டீச்சர் எதுவும் பேசலை. கீழே இறங்கி, காலி டிரம்மைக் கழுவ ஆரம்பிச்சாங்க. கழுவின டிரம்மையே இன்னொரு தடவை கழுவினாங்க.

என்ன சொல்றதுன்னு தெரியாம, நான் எங்கேயோ படிச்ச ஒரு கதையைச் சொன்னேன். ஜெர்மனியில குந்தர் ஹோல்டார்ஃப்னு ஒருத்தர். அவரும் மனைவி கிறிஸ்டினும் 'ஓட்டோ'ன்னு பேர் வெச்ச மெர்சிடிஸ் ஜீப்புல, உள்ளேயே படுத்துத் தூங்கி உலகம் சுத்தினாங்க. 2010-ல் கிறிஸ்டின் புற்றுநோயில இறந்துட்டாங்க. அவங்க ஆசைப்பட்ட மாதிரியே இவர் பயணத்தைத் தொடர்ந்தார். கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2014-ல், 77 வயசுல முடிச்சுக்கிட்டார். ஓட்டோ இப்போ மியூசியத்துல இருக்கு.

சார் கொஞ்ச நேரம் யோசிச்சார். ''எங்க வண்டியை மியூசியத்துல யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அது ஓடணும்'' என்றவர், என் பக்கம் திரும்பினார்.

''உன்கிட்ட லைசென்ஸ் இருக்கா தம்பி?''

இருந்துது. அந்த ராத்திரி கல்பாக்கம் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். முப்பதைத் தாண்டலை. பக்கத்துல சார், 'வலது பக்கம் மூணு பேர்... இடது பக்கம் தேர்...'னு சொல்லிக்கிட்டே வந்தார், ஸ்டேஷன்ல சிக்னல் சொல்ற மாதிரி. பின்னாடி மெத்தையில டீச்சர் ஜெபமாலை சொல்லிட்டு இருந்தாங்க. விடிஞ்சதும் அட்டெண்டன்ஸ் பயத்துல நான் பஸ் பிடிச்சு ஊருக்கு வந்துட்டேன். அவங்க பகல்ல மட்டும் ஓட்டி, கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டதா போன் வந்துது.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரிஞ்சுது. கடவுளை நம்புறவங்க கண்ணை மூடிக்கிட்டுப் போவாங்கன்னுதான் அதுவரைக்கும் நினைச்சுட்டு இருந்தேன். தன் கண்ணு எவ்வளவு தூரம் தெரியும்னு உண்மையைச் சொல்லி, சாவியை அடுத்தவன் கையில கொடுக்கிறதுக்கும் நம்பிக்கை வேணும். அதை அந்த ராத்திரிதான் பார்த்தேன்.

ஆம்னி விற்கப்படலை. வர்ற ஆகஸ்ட்ல ராத்திரி டிரைவர் நான். என் கிளாஸ்ல இன்னும் ரெண்டு பேரை ஷிஃப்ட்டுக்குப் பிடிச்சு வெச்சிருக்கேன். ஒருத்தன் முஸ்லிம், இன்னொருத்தன் 'கடவுளே இல்லை' பார்ட்டி. டீச்சர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்... ''தயிர் கடையத் தெரியுமா?''

நீங்க ஆகஸ்ட் கடைசியில பைக்ல ஈ.சி.ஆர். பக்கம் பறக்கிற ஆளா? இருட்டுல காவி டிரஸ் தெரிஞ்சா ஹை பீமை இறக்குங்க, வேகத்தைக் குறைங்க. அவ்வளவுதான் பாஸ் நாங்க கேட்கிறது.

கொஞ்சம் தள்ளி வெள்ளை ஆம்னி நின்னா, நீங்களும் நிறுத்துங்க. மோர் எங்க பொறுப்பு!