கடைசி பி.யு.சி.

1978 மார்ச்சில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினோம். நான் பதினொன்றாம் வகுப்பு, தம்பி பத்தாம் வகுப்பு. எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்த மறு வருஷம் அது. பிளஸ் டூ வருகிறது, பி.யு.சி. போகிறது என்றார்கள். பழசுக்கு நான் கடைசி செட், புதுசுக்கு அவன் முதல் செட். "என்னண்ணே, எட்டிப் பிடிச்சிட்டேன்ல?" என்று சிரித்தான்.

டிகிரிக்கு முந்தின ஒரு வருஷப் படிப்பான பி.யு.சி.க்குப் போடி சி.பி.ஏ. காலேஜில் சேர்ந்தேன். ஏல விவசாயிகள் சங்கம் நடத்துகிற கல்லூரி. அப்போது அதற்குப் பத்து வயசுகூட ஆகவில்லை. மலையில் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற அப்பாவுக்கு அதில் ஒரு உரிமை. "நாம காய வச்ச காயிலதானடா கட்டுனது" என்பார்.

ஏப்ரல் வரை அரை டிராயர், ஜூலையில் பேண்ட். பள்ளியில் "டேய்", இங்கே "மிஸ்டர்". அந்தக் கிறுக்கு ஒரு வாரம்தான் நின்றது. இயற்பியல் முழுக்க இங்கிலீஷ். தமிழில் படித்து வந்த நான், சார் சொல்வதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன்: 'போக்கல் லென்த் ஆஃப் எ கான்வெக்ஸ் லென்ஸ்'. ராத்திரி அதைச் சத்தமாக வாசித்தால் அம்மா மந்திரம் என்று நினைத்து விளக்கைத் தூண்டிவிடுவாள்.

முன்பெல்லாம் தோற்றவன் அடுத்த செட்டுப் பையன்களிடம் நோட்டு வாங்கிப் படித்து எழுதிவிடுவான். எங்களுக்குப் பின்னால் செட்டே கிடையாது. அப்பாவிடம் சொன்னேன். "அஞ்சு கிலோ பச்சைக்காய் காஞ்சா ஒரு கிலோதான் தேறும். நீ அந்த ஒரு கிலோவில இரு" என்றார். ஆறுதலா, மிரட்டலா, இன்றைக்கும் தெரியவில்லை.

தேறினேன். மதுரைப் பல்கலைக்கழகம் 1978இல் காமராசர் பெயரை ஏற்றிருந்தது. என் மார்க் ஷீட்டில் புதுப் பெயர். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இங்கிலீஷில் தோற்று, பூப்பாறை ஜீப்பில் ஏறினான். எஸ்டேட்டில் பேரேடு எழுதும் வேலை. என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன் அவன்.

1979இல் நான் டிகிரிக்குப் போனபோது பி.யு.சி. வகுப்பு பூட்டிக் கிடந்தது. தம்பி பள்ளிக்கூடத்திலேயே பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். உயர்நிலைப் பள்ளி போர்டில் 'உயர்' அழித்து 'மேல்' எழுதியிருந்தார்கள்; பழைய எழுத்து வெள்ளைக்குக் கீழே மங்கலாகத் தெரியும். ஒருநாள் அவன் இயற்பியல் புத்தகத்தைப் புரட்டினேன். நான் வருஷம் பூரா நெட்டுருப் போட்ட லென்ஸ் பாடம், தமிழில். அம்மா சோறு வடிப்பதற்குள் புரிந்துவிட்டது.